விடுதித் தொழிலுக்குப் பல்கலைக்கழகம் எதற்கு என்பார்க்கு

விருந்தோம்பலும் சுற்றுலாவும் பல்கலைக்கழகத்திலே போதிக்கத் தக்க விஷயங்கள் அல்ல, அவை கையால் பழகியும் கண்ணால் பார்த்தும் தேறவேண்டிய தொழில்கள், வறிய நாடொன்று அவற்றுக்கெனத் தனிப் பீடம் நிறுவிப் பேராசிரியர்களை நியமித்துப் பட்டம் வழங்க முற்படுவது பொதுப் பணத்தை விரயஞ் செய்வதாகும் என்று சொல்லும் அபிப்பிராயம் ஒன்று இலங்கையிலே நெடுங்காலமாக நிலவி வருகிறது. அதைச் சொல்பவர்கள் ஒரு வகுப்பினர் மாத்திரம் அல்லர். விடுதி நடத்தும் முதலாளி, "தேத்தண்ணிக் கோப்பையைச் சிந்தாமல் வைக்கத் தெரியாதவன் பட்டத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வான்?" என்று கேட்கிறார். பௌதிகவியலோ வரலாறோ கற்பிக்கும் பேராசிரியர், இது தொழிற்கல்லூரிக்குரிய காரியம் என்றும், இதை உள்ளே விட்டால் கல்வியின் தரம் தாழ்ந்துவிடும் என்றும் அஞ்சுகிறார். யாழ்ப்பாணத்துத் தாய் தகப்பனோ, "ஏ.எல். நல்லாப் பாஸ் பண்ணின பிள்ளையை ஹோட்டல் வேலைக்கோ விடுறது?" என்று பேச்சை அத்துடன் முடித்துவிடுகின்றனர். மூவரும் மூன்று வழியாக வந்து ஒரே முடிவிற் சந்திக்கிறார்கள். அம்முடிவு பிழையானது என்பதும், நம்மைப் போன்ற ஒரு நாட்டுக்கு அது பெருநஷ்டம் விளைவிக்கிறது என்பதும் என் துணிபு.

மறுக்க முற்படுபவன் எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் பலமான உருவத்திலேயே எடுத்துக்கொள்வது தர்மம். கொழும்பிலே 1964ஆம் ஆண்டு முதல் ஹோட்டல் பாடசாலை ஒன்று நடைபெற்று வருகிறது. இலங்கை ஹோட்டல் பாடசாலை என்று அன்று வழங்கிய அது, இன்று சுற்றுலா, ஹோட்டல் முகாமைத்துவ நிறுவகம் என்னும் பெயர் பூண்டு வெளியூர்களிலும் கிளை பரப்பியிருக்கிறது. சமையற்கூடம், உணவு பரிமாறல், வரவேற்பு மேசை, அறைப் பராமரிப்பு ஆகிய நான்கிலும் அது பயிற்றுவித்த பிள்ளைகள் கொழும்பிலும் மாலைதீவிலும் வளைகுடா நாடுகளிலும் நற்பெயர் பெற்றிருக்கிறார்கள். ஆகவே, வேண்டியது இருக்கும்போது வேண்டாததை ஏன் கட்டுவது என்று கேட்கிறார்கள். இது அறியாமையால் எழுந்த கேள்வி என்று ஒதுக்கத் தக்கதன்று. அந்தப் பாடசாலையின் சேவையை நானும் மனமார மதிக்கிறேன். ஆனால் அது செய்யும் காரியம் ஒன்று, நான் வேண்டுவது வேறொன்று. முன்னது நன்றாக நடக்கிறது என்பதிலிருந்து பின்னது வேண்டாம் என்ற முடிவு எவ்விதத்திலும் பெறப்படாது.

விடுதிக்கு வரும் அதிதி காண்பது வாசலில் நிற்பவரின் புன்சிரிப்பையும், விரித்த கட்டிலையும், மேசையில் வந்த தட்டையுமே. தொழிலை வெளியிலிருந்து பார்க்கும் நம்மவரும் அவ்வளவையே கண்டு, தொழில் முழுவதும் அதுதான் என்று எண்ணிக்கொள்கிறார்கள். அதிதியின் கண்ணுக்குத் தெரியாத பாகம் ஒன்று உண்டு. இலாபமும் நட்டமும் அங்கேதான் நிச்சயமாகின்றன. நிலாவெளியில் முப்பது அறை கொண்ட ஒரு விடுதியை உதாரணமாக வைத்துக்கொள்வோம். கிழக்குக் கரையில் கடல் அமைதியாக இருப்பது ஏறக்குறைய மே முதல் செப்டெம்பர் வரை. அந்த ஐந்து மாதத்து வருவாயில்தான் பன்னிரண்டு மாதச் செலவும் அடங்கியாக வேண்டும். ஐரோப்பாவிலுள்ள பயண முகவர் ஒருவர், பருவத்துக்கு ஓராண்டு முன்பாகவே வந்து, முப்பதில் பதினைந்து அறைகளைத் தமக்கென ஒதுக்கி வைக்கும்படி ஒப்பந்தம் எழுதுகிறார். விலையை அன்றே நிச்சயித்துவிடுகிறார். ஆள் கிடைத்தால் அறையை எடுப்பார். கிடைக்காவிட்டால் வருகை நாளுக்கு மூன்று வாரம் முன்னதாகத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அதற்காக ஒரு சதமும் செலுத்தமாட்டார். அந்த மூன்று வாரத்தில் பதினைந்து அறைகளையும் வேறு யாருக்கு எவ்விலைக்கு விற்பது என்ற தலையிடி விடுதிக்காரருடையது. இணையத்தளம் வழியாக விற்றாலோ, நூற்றுக்குப் பதினைந்தும் அதற்கு மேலும் தரகாகப் போய்விடுகிறது.

இந்த ஒப்பந்தத்தை எப்படி எழுதுவது, எத்தனை அறையைக் கொடுப்பது, எந்நாணயத்தில் விலை பேசுவது, திருப்பிக் கொடுக்கும் தவணையை மூன்று வாரத்திலிருந்து ஐந்து வாரமாக்க எவ்வளவு விலை குறைக்கலாம் என்பன எல்லாம் கோப்பையைச் சிந்தாமல் வைக்கப் பழகுவதால் வருகிற அறிவு அல்ல. 2022 மார்ச்சு மாதத்தில் டொலருக்கு 200 ரூபாய் அளவிலிருந்த மாற்று விகிதம் சில வாரங்களுக்குள் 300ஐயும் தாண்டியபோது, ரூபாயில் விலை பேசியிருந்தவரும் டொலரில் விலை பேசியிருந்தவரும் ஒரே கடற்கரையில் அருகருகே விடுதி வைத்திருந்தும் வெவ்வேறு கதிக்கு ஆளானார்கள். எதிரே உட்கார்ந்து ஒப்பந்தம் பேசுகிற முகவரின் பக்கத்தில் பொருளியலும் புள்ளிவிவரமும் சட்டமும் கற்றவர்கள் இருக்கிறார்கள். நம் பக்கத்தில், நாற்பது வருஷ அநுபவம் உடையவரும் நல்ல மனிதருமாகிய ஒருவர் தனியே இருக்கிறார். அநுபவம் பெரிது, ஆனால் அது தனக்கு நேர்ந்ததை மாத்திரமே அறியும், பிறருக்கு நேர்ந்ததைத் திரட்டி ஒப்புநோக்கி விதி காண அதற்கு அவகாசம் இல்லை. அந்த வேலைக்காகவே உலகத்தில் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன.

இனி விடுதியை விட்டு நாட்டுக்கு வருவோம். நான் முக்கியமாகக் கருதுவது இந்தப் பகுதியையே. சுதந்திரத்துக்குப் பின் சுற்றுலாவை அரசாங்கம் சிரத்தையோடு கையேற்றது 1966ஆம் வருஷத்தில். அவ்வருஷத்திலேதான் உல்லாசப் பிரயாண சபையையும் ஹோட்டல் கூட்டுத்தாபனத்தையும் ஸ்தாபிக்கும் சட்டங்கள் நிறைவேறின. அதனை அடுத்து நாட்டின் முதலாவது பத்தாண்டுச் சுற்றுலாத் திட்டத்தை வகுத்துத் தந்தது ஹரிஸ், கேர், ஃபோஸ்ரர் என்னும் அமெரிக்க நிறுவனம். 1990களில் இரண்டாவது பெருந்திட்டம் எழுதப்பட்டபோதும் ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டமும் உலகச் சுற்றுலா அமைப்பும் துணைக்கு வந்தன. அந்நியர் எழுதியதனாலேயே அத்திட்டங்கள் தீயவை என்று நான் சொல்ல வரவில்லை. பெந்தோட்டையில் ஒழுங்கான கடற்கரைத் தலம் ஒன்று உருவானதும், ஜெஃப்ரி பாவா அங்கே கட்டிய விடுதி உலகக் கட்டடக் கலைஞரின் கவனத்தைக் கவர்ந்ததும் அந்த முதல் முயற்சியின் காலத்திலேயே. ஆனால் முதலாவது திட்டத்துக்கும் இரண்டாவதற்கும் இடைப்பட்ட கால் நூற்றாண்டில், திட்டத்தை நாமே எழுதத் தக்க அறிஞர் கூட்டம் ஒன்றை நாம் ஏன் உண்டாக்கவில்லை? விவசாயத்துக்குப் பேராதனையிலே பீடம் கண்டோம். நெல்லினத்தை நாமே ஆராய்ந்து நாமே வெளியிடும் நிலைக்கும் வந்தோம். உழவும் கையால் செய்யும் தொழில்தான். உழத் தெரிந்தவன் இருக்கையில் விவசாய பீடம் எதற்கு என்று யாரும் இன்று கேட்பதில்லை.

அறிஞர் கூட்டம் இல்லாத இடத்தில் எண்ணிக்கை ஒன்றே அறிவாகிவிடுகிறது. 1966இல் இலங்கைக்கு வந்த உல்லாசப் பிரயாணிகள் 18,969 பேர். 1982இல் 407,230 பேர். ஜூலைக் கலவரம் நிகழ்ந்த 1983இல் அது 337,530 ஆகியது; 1987இல் 182,620க்கு இறங்கியது. போர் முடிந்த பின் ஏறி, 2018இல் 2,333,796ஐ எட்டி, மறு வருஷம் உயிர்த்த ஞாயிறன்று குண்டுகள் வெடித்ததும் சரிந்து, பெருந்தொற்றினால் 2021இல் இரண்டு இலட்சத்துக்கும் கீழே போய், 2024இல் மறுபடி இருபது இலட்சத்தைக் கடந்தது. இவ்விலக்கங்களை ஒவ்வொரு மாதமும் பத்திரிகைகள் முதற்பக்கத்தில் இடுகின்றன. அமைச்சர்கள் அவற்றை வைத்தே தம் ஆட்சியை அளக்கிறார்கள். வந்தவர்கள் எத்தனை இரவு தங்கினார்கள், கொடுத்த பணத்தில் எவ்வளவு இறக்குமதிச் சீஸுக்கும் மதுவுக்கும் வெளிநாட்டு நிர்வாகக் கட்டணத்துக்கும் திரும்பிப் போயிற்று, எவ்வளவு அந்த ஊர் மீன்காரரின் கைக்கு வந்தது என்ற கேள்விகளுக்கு முதற்பக்கத்தில் இடமில்லை. நாற்பது வருஷத்துக்குள் இத்தனை முறை அடியோடு விழுந்தெழுந்த தொழில் வேறொன்று இந்நாட்டில் அரிது. விழும்போது எந்த விடுதி பிழைத்தது, எது மூடிற்று, ஏன் என்று ஒருமுறை முறையாக ஆராய்ந்து எழுதி வைத்தால் அடுத்த தலைமுறைக்கு அது எவ்வளவு பிரயோசனப்படும்! யால தேசியப் பூங்காவிலே சிறுத்தையொன்று தென்பட்டதாகச் செய்தி பரவினால், ஜீப்புகள் ஒன்றையொன்று முண்டியடித்து அந்த இடத்தை மொய்த்துவிடுவதை யாவரும் அறிவர். எத்தனை வண்டி வரலாம் என்பதை வனவிலங்கு அறிஞரும் சுற்றுலா அறிஞரும் ஒன்றாக இருந்து அளந்து சொல்லவேண்டும். முன்னவர் இருக்கிறார், பின்னவரை நாம் இன்னும் போதிய அளவில் உண்டாக்கவில்லை.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கதை இதைவிடக் கூர்மையானது. அங்கே வற்றாத ஆறு கிடையாது. நிலத்தின் கீழ் சுண்ணக்கற்பாறை. மழைநீர் அதன் வெடிப்புகளில் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின் மேல் மெல்லிய நன்னீர்ப் படலமாக மிதக்கிறது. கிணற்றில் அளவுக்கு மீறி இறைத்தால் கீழிருந்து உப்பு ஏறும். வெடிப்பு நிறைந்த கல்லாகையால், மலசலகூடக் குழியில் இறங்குவதும் தோட்டத்தில் இட்ட உரமும் வடிகட்டப்படாமலே அயற்கிணற்றுக்குப் போய்ச் சேரும்; பல கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்திருப்பதை ஆராய்ச்சியாளர்கள் பல வருஷங்களாகச் சொல்லி வருகிறார்கள். இத்தகைய நிலத்தின் மேலே விடுதிகள் எழுகின்றன. பலாலியிலிருந்து சென்னைக்கு 2019 நவம்பரில் விமானச் சேவை தொடங்கிற்று. காங்கேசன்துறைக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே 2023 அக்டோபரில் கப்பல் ஓடத் தொடங்கிற்று. நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாளும் கனடாவிலும் ஐரோப்பாவிலும் இருந்து நம் சனம் வந்து குவிகிறது. இவை எல்லாம் சந்தோஷத்துக்குரியன. ஆயினும் பன்னிரண்டு மீற்றர் நீளமும் ஆறு மீற்றர் அகலமும் ஒன்றரை மீற்றர் ஆழமும் உடைய ஒரு சாதாரண நீச்சற் குளம் 108,000 லீற்றர் தண்ணீரைக் கொள்கிறது. விருந்தினர் ஒருவர் நாளொன்றுக்குச் செலவிடும் நீரும், அவர் துவாயும் விரிப்பும் வெளுக்கும் நீரும் இதற்குப் புறம்பு. கோப்பாயில் ஒரு விடுதிக்கு அநுமதி கொடுப்பதற்கு முன், அந்த இடத்துக் கிணறு ஐப்பசிக்கு முன்னுள்ள வறட்சி மாதங்களில் எவ்வளவு இறைப்பைத் தாங்கும், கழிவுநீரை எத்தனை முழம் தள்ளி எவ்வகையில் சுத்திகரித்து விடுவது, குளமே இல்லாமல் விருந்தினரைத் திருப்திப்படுத்தும் வழி என்ன என்று யார் சொல்லுவது?

பிரதேச சபையின் உத்தியோகத்தர் சொல்ல முடியாது. அவருக்கு அந்தக் கல்வி இல்லை. விடுதி முதலாளி சொல்லமாட்டார். அவர் முதல் போட்டவர். இதைச் சொல்லும்படி ஹோட்டல் பாடசாலையை யாரும் நியமிக்கவில்லை. புவியியலாளரும் நீரியலாளரும் கணக்கியலாளரும் சமையல் வல்லுநரும் ஒரு கூரையின் கீழ் உட்கார்ந்து, ஒரே வினாவை நான்கு பக்கத்திலிருந்தும் நோக்கக் கூடிய ஸ்தாபனம் பல்கலைக்கழகத்தைத் தவிர வேறு ஏது? நெடுந்தீவின் காட்டுக் குதிரைகளைப் பார்க்கப் படகேறிப் போகிறவர்கள் அந்தத் தீவின் அருமையான குடிநீரிலும் பங்கு கேட்கிறார்கள். பாசிக்குடாவிலே போருக்குப் பின் விடுதிகள் வரிசையாக எழுந்தபோது, கரையிலே படகிழுத்துவந்த மீனவர்களுக்கு அந்தக் கரை சுருங்கிப்போயிற்று. முற்கூட்டி ஆராயாமல் கட்டுவதன் பலனை நாம் ஒருமுறை கண்டாயிற்று. வடக்கிலும் அதே விலையைக் கொடுத்துத்தான் பாடம் படிக்கவேண்டும் என்பதில்லை.

பல்கலைக்கழகம் எதற்கு என்ற கேள்வியை நம்மவர்தாம் முதன்முதலிற் கேட்டவர்கள் என்று நினைக்கவேண்டாம். சுவிட்சர்லாந்தில் லொசான் நகரத்திலே ஹோட்டல் பாடசாலை தொடங்கியது 1893இல். ஆனால் ஒரு பல்கலைக்கழகத்தில் ஹோட்டல் நிர்வாகத்துக்கு நான்காண்டுப் படிப்பு ஏற்பட்டது 1922இல், அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில். அதைக் கேட்டு வாங்கியவர்கள் அந்நாட்டு ஹோட்டல் முதலாளிகளின் சங்கத்தாரே. எனினும் அக்காலத்து அமெரிக்க விடுதிக்காரருள் முதன்மை பெற்ற ஸ்டாட்லர் என்பவர் அதை ஏற்கவில்லை. அவர் பதின்மூன்று வயதில் விடுதியொன்றிலே பெட்டி தூக்கும் பையனாகச் சேர்ந்து, தம் முயற்சியாலேயே உயர்ந்து, 1908இல் பஃபலோ நகரத்தில் அறைதோறும் தனிக் குளியலறை வைத்து விடுதி கட்டித் தொழிலின் போக்கையே மாற்றியவர். பள்ளியில்லாமல் வென்ற ஒருவருக்குப் பள்ளி வேண்டாம் என்று தோன்றுவது இயல்பு. கோர்னெல் மாணவர்களுக்கு எந்திரவியல் கணக்குகள் எதற்கு, அதற்குத்தான் எஞ்சினியரைக் கூலிக்கு அமர்த்தலாமே என்றுகூட அவர் சொன்னதாகப் பதிவு உண்டு. ஆனால் மாணவர்கள் தாமே ஒரு விடுதியை முழுவதுமாக நடத்திக் காட்டும் வருஷாந்த விழாவை நேரிற் பார்த்தபின் அவர் மனம் மாறினார். 1928இல் அவர் இறந்தார். அவர் பெயரால் அமைந்த நிதியமே பிற்பாடு அந்தப் பீடத்துக்குப் பெருங்கொடையாளியாகி, 1950இல் அதற்கெனத் தனிக் கட்டடமும் எழக் காரணமாயிற்று. நம்முடைய விடுதி முதலாளிகள் இன்று சொல்வது முழுவதையும் சொல்லிவிட்டு, கண்ணாற் கண்டதும் கைவிட்டவர் அவர்.

வேறொரு ஆட்சேபம் உண்டு. அது கௌரவமான உடையில் வருகிறது. விருந்தோம்பல் நம் இரத்தத்தில் ஊறியது, திருக்குறளிலே அதற்குத் தனி அதிகாரமே இருக்கிறது, பிறவியிலே அமைந்ததைப் பள்ளியிற் கற்பிப்பது எதற்கு என்கிறார்கள். வீட்டு முற்றத்துக்கு வந்த உறவினரை உபசரிப்பது நம் பண்பாட்டின் சிறப்பு என்பதில் எனக்கும் பெருமை உண்டு. ஆனால் அந்த உறவினர் காசு கொடுப்பதில்லை, அவருடைய ஊணும் பழக்கமும் நமக்குத் தெரியும், குறையிருந்தால் பொறுத்துக்கொள்வார். நிலக்கடலை தின்றால் மூச்சடைக்கும் நோயுடைய ஓர் அந்நியர், நள்ளிரவில் வந்து, முன்பணம் செலுத்திய அறையைக் கேட்கும்போது, அன்பு மாத்திரம் போதாது. சமையற்கூடத்தில் எந்தச் சட்டியில் எது வெந்தது என்பது எழுத்தில் இருக்கவேண்டும். அன்புக்கு ஒழுங்கைத் துணை சேர்ப்பதுதான் கல்வி. அதனால் பண்பு கெட்டுவிடாது.

தாய் தகப்பனின் மறுப்பை நான் இலேசாக எண்ணமாட்டேன். ஹோட்டல் வேலை என்றால் மதுவும் இரவு நேரமும் தாழ்ந்த மதிப்பும் என்று நம் சமூகம் நினைத்துவிட்டது. பெண்பிள்ளைகளைப் பொறுத்தவரை அந்நினைப்பு இரும்புக் கதவாகவே நிற்கிறது. உலகம் முழுவதையும் எடுத்தால் இத்தொழிலில் உள்ளவர்களிற் பாதிக்கு மேற்பட்டவர் பெண்கள். இலங்கையிலோ பத்தில் ஒருவர் என்ற அளவே. இதனால் நட்டமடைவது தொழில் மாத்திரமா? நாவற்குழியிலோ வாகரையிலோ உயர்தரம் முடித்துவிட்டு, ஆசிரிய நியமனத்துக்கோ எழுதுவினைஞர் நியமனத்துக்கோ வருஷக்கணக்கில் காத்திருக்கும் பெண்ணும் நட்டமடைகிறாள். ஒருகாலத்தில் தாதித் தொழிலுக்கும் நற்குடிப் பிறந்த பெண்ணை அனுப்பத் தயங்கினார்கள். முறையான பயிற்சியும், பிற்பாடு பல்கலைக்கழகப் பட்டமும் அதன் மதிப்பை உயர்த்தின. இன்று தாதியர் கற்கைக்கு இடம் கிடைத்தால் வீட்டில் சர்க்கரைப் பொங்கல் வைக்கிறார்கள். பட்டத்தின் பெயரால் வரும் மதிப்பு உண்மையான மதிப்பாகுமா என்று சிலர் கேட்கலாம். வாசலைத் திறக்க அது போதும். உள்ளே நுழைந்தபின் மதிப்பைத் தேடிக்கொள்ளும் திறமை நம் பெண்களுக்கு உண்டு.

பணம் எங்கே என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. கெனியா நம்மைவிடச் செல்வந்த நாடு அன்று. அங்கே 1975இல் உட்டாலி கல்லூரி திறக்கப்பட்டபோது சுவிட்சர்லாந்து கை கொடுத்தது. ஆனால் அதை நடத்தியது விடுதிகளும் உணவகங்களும் தம் வருமானத்தில் நூற்றுக்கு இரண்டு வீதம் செலுத்திய பயிற்சி வரி. கல்லூரியோடு சேர்த்தே பயிற்சி விடுதியும் கட்டினார்கள். நம் நாட்டிலும் சுற்றுலா நிறுவனங்கள் தம் வருமானத்தில் நூற்றுக்கு ஒன்றைச் சுற்றுலா அபிவிருத்தி வரியாகச் செலுத்தியே வருகின்றன. விமான நிலையத்தில் புறப்படுவோரிடம் அறவிடும் வரியிலும் ஒரு பங்கு இத்துறைக்கு வருகிறது. 2005ஆம் ஆண்டின் சுற்றுலாச் சட்டத்தின்படி இந்நிதியின் பெரும்பகுதி போவது பிரசாரத்துக்கு. இலண்டன் பேருந்துகளில் படம் ஒட்டுவதற்குப் பணம் உள்ள நாட்டில் ஆசிரியருக்குப் பணமில்லை என்பதை நான் ஒப்பேன். இளைஞர்கள் பட்டம் பெற்று டுபாய்க்குப் போய்விடுவார்கள் என்பதும் ஒரு காரணமன்று. வைத்தியர்களும் போகிறார்கள், அதற்காக வைத்திய பீடத்தை நாம் மூடவில்லை.

எதிர்த்தரப்பாரின் சொல்லில் ஒன்றை மாத்திரம் நான் முழுமனத்தோடு ஒப்புக்கொள்கிறேன். அடுப்பும் அறையும் இல்லாமல், நான்கு வருஷமும் கரும்பலகையையே பார்த்துவிட்டு வெளிவரும் பட்டதாரி ஒருவருக்கும் உதவமாட்டார். சபரகமுவ, ரஜரட்ட, ஊவா வெல்லஸ்ஸ ஆகிய பல்கலைக்கழகங்களில் இத்துறைக்குப் பட்டப்படிப்புகள் இன்று உள்ளன. அங்கே உழைக்கும் ஆசிரியர்களின் சிரத்தையை நான் குறை கூறவில்லை. ஆனால் முகாமைத்துவ பீடத்தின் ஒரு துறையாக, அதன் நேர அட்டவணைக்குள்ளும் அதன் கட்டடத்துக்குள்ளும் ஒடுங்கி நிற்கும்வரை, இவ்வித்தை தன் முழு உருவத்தைப் பெறாது. யாழ்ப்பாண வைத்திய பீடத்தை அங்குள்ள போதனா வைத்தியசாலையிலிருந்து பிரித்துப் பார்க்க முடியுமா? நோயாளியின் கட்டிலருகே நின்றே வைத்தியம் கற்கிறார்கள். அதே கட்டிலருகே ஆராய்ச்சியும் நடக்கிறது. விருந்தோம்பற் பீடத்துக்கும் அத்தகைய போதனா விடுதி ஒன்று வேண்டும். இருபது அறையும் ஒரு சமையற்கூடமும் உடையதாய், கட்டணம் செலுத்தும் உண்மையான விருந்தினர் தங்குவதாய், கழிவுநீரை அளந்து பதிவதாய் அது இருக்கவேண்டும்.

அங்கே நடக்கவேண்டிய கல்வி எத்தகையது என்பதை ஒரு சிறு காரியத்தைக் கொண்டு சொல்லுகிறேன். பாஷையூர்ச் சந்தையில் இறால் வாங்குகிறோம். ஒரு கிலோ இறாலைத் தலை நீக்கி, ஓடுரித்து, முதுகு நரம்பெடுத்தால் ஏறக்குறைய அரைக் கிலோவே மிஞ்சும். வாங்கிய நிறையை வைத்து விலை போடுகிறவர், தட்டுத் தட்டாகத் தமக்குத் தெரியாமலே நட்டப்படுகிறார். கைதேர்ந்த சமையற்காரருக்கு அந்த அரைக் கிலோவின் கணக்கு விரல் நுனியில் இருக்கிறது. ஆனால் அவர் அதை எழுதி வைப்பதில்லை. மாரியிலும் கோடையிலும் இறாலின் பருமன் மாறும்போது கழிவு எவ்வளவு மாறுகிறது என்று வருஷம் முழுவதும் நிறுத்து எழுதி, அக்கணக்கை மாணவனிடம் கொடுத்து, தலையையும் ஓட்டையும் வீசாமல் சாறாக்கிக் கூழுக்குச் சேர்த்தால் மிச்சமாவது என்ன என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அவன் ஒரே வேளையில் சமையலும் கற்கிறான், கணக்கியலும் கற்கிறான், ஒல்லாந்து நாட்டுச் சீஸுக்குப் பதிலாக நம் கூழை விருந்தினர் மேசைக்குக் கொண்டுவரும் வழியும் கற்கிறான். இப்படிப்பட்ட கல்வியைத் தரம் தாழ்ந்தது என்று எந்தப் பேராசிரியர் சொல்லுவார்?

இதற்குத் தடையாக நிற்பது பணத்தைவிட ஒரு விதி. பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராவதற்குச் சிறப்புப் பட்டமும் மேற்பட்டமும் கேட்கிறார்கள். முப்பது வருஷம் பெரிய சமையற்கூடங்களை ஆண்ட தலைமைச் சமையற்காரரிடம் அவை இருப்பதில்லை; ஆகையால் அவர் வருகைதரு போதனாசிரியராக, மணிக்கணக்கில் கூலி பெற்று, கடைசி வரிசையில் நிற்கவேண்டியிருக்கிறது. அவரையும் பொருளியற் கலாநிதியையும் சமமான பதவியில் அமர்த்தாத பீடம், கைவேலையைத் தாழ்வென்று நினைக்கும் அதே பழைய நோயைத் தன் மாணவருக்கும் ஒட்டவைத்துவிடும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவும் மூதவைகளின் உறுப்பினர்களும் இவ்விதியை முதலில் திருத்தவேண்டும். தொழில்முறைப் பேராசிரியர் என்றொரு பதவியைச் சட்டப்படி ஏற்படுத்தவேண்டும். விடுதி முதலாளிகளே, உங்களிடம் நான் கேட்பது நன்கொடை அன்று: உங்கள் பயிற்சி மாணவருக்கு உரிய சம்பளம் கொடுங்கள், ஒப்பந்தக் கோப்புகளையும் தண்ணீர்க் கணக்கையும் ஆராய்ச்சிக்குத் திறந்து வையுங்கள். அரசாங்கத்தாரோ, வரிப்பணத்திற் பிரசாரத்துக்குப் போகும் பங்கிலிருந்து ஒரு பகுதியை எடுத்து, யாழ்ப்பாணத்திலோ திருகோணமலையிலோ போதனா விடுதியோடு கூடிய முதலாவது பீடத்துக்கு இவ்வருஷமே அத்திவாரம் இடவேண்டும்.